பாட்டில்லாத நாளில் உன் அம்மா பேசினாள்

அன்புள்ள அருள்,

இங்கு நான் நலம், அங்கு நீங்கள் மூன்று பேரும் நலமா என்றுதான் எல்லாரும் கடிதத்தைத் தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்கப்போவதில்லை. 'நலம்' என்று இந்த வீட்டிலிருந்து வந்த வார்த்தையை நம்பித்தான் நீ உன் அம்மாவை உயிரோடு பார்க்காமல் போனாய். அதனால் அதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போனில் பேசிவிட்டுப் போகாமல் இந்த மனுஷன் எதற்குப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். உன் அம்மாவுக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "இனிமே இந்த வீட்டுலேருந்து வர்ற எந்தக் குரலையும் நான் நம்பமாட்டேம்ப்பா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிக்கொண்டாய். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாரீஸிலிருந்து போன் செய்கிறாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரிப்பா, வைக்கிறேன். கடமைக்குப் பேசுகிறாய் என்று குறை சொல்லவில்லை. கடமைக்காவது பேசுகிறாயே. ஆனால் நான் "நல்லா இருக்கேன்" என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. இது நிஜமா, நடிப்பா என்று நீ யோசிக்கிறாய். எனக்குத் தெரிகிறது. என் குரல்தான் உன்னிடம் செல்லாக்காசாகிவிட்டது, எழுத்தையாவது நம்புவாயா என்று பார்க்கிறேன்.

போன வாரம் வானொலியில் ஒரு நாள் முழுக்கப் பாட்டே போடவில்லை. உரை, பேட்டி, விவாதம், கதை வாசிப்பு, நாடகம் என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பேச்சு மட்டும்தான். நாடு முழுக்க அன்றைக்கு அப்படித்தானாம். டெல்லியிலிருந்து கொஞ்சம், சென்னையிலிருந்து கொஞ்சம், மீதியை அந்தந்த ஊர் நிலையமே கொடுக்க வேண்டுமாம். நம் காரைக்கால் நிலையம் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுக்கிறது என்று காரைக்கால்மேட்டுப் பரமேஸ்வரிதான் முதல்நாளே போன் செய்து சொன்னாள். உன் அம்மாவோடு வானொலி நாடகங்களில் ஒன்றாக நடித்தவள், உனக்குத் தெரியுமே. "அண்ணே, லூர்து அக்காவும் நானும் நடிச்ச நாடகம் ஒண்ணு சாயங்காலம் போடறாங்களாம்ண்ணே. எந்த நாடகம்னு அவுங்களுக்கே சரியா சொல்லத் தெரியல. ரேடியோவுல பேட்டரி இருக்கான்னு பாத்து வச்சிக்கிங்க" என்றாள். நான் போனை வைத்த கையோடு தருமபுரத்திலிருந்து டவுனுக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்கிறாயா? உன் அம்மாவின் குரல் இந்த வீட்டில் எதிலுமே இல்லையடா. வாழ்க்கையெல்லாம் மைக்குக்கு முன்னால் நின்று பேசியவள், அவள் போன பிறகு தேடிப் பார்த்தால் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. உன் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மேடையில் நின்று உன் மாமியாரிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள், வாய் அசைகிறது. மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. அந்த வீடியோக்காரனைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாமா என்று கோபம் வந்தது. அவன் என்ன செய்வான் பாவம், எல்லாருக்கும் அப்படித்தானே போடுகிறான்.

உன் அம்மா பாலர் பள்ளியில் டீச்சராக இருந்துகொண்டே வானொலிக்குக் குரல் தேர்வு எழுதி, இல்லை, பேசி, தேறியவள் என்பது உனக்குத் தெரியும். அதற்குள்ளே நடந்தது தெரியாது. நான் மின்துறையில் லைன்மேன். நாடகம், கலை எல்லாம் நமக்கு ஆகாத சமாச்சாரம். ஒலிப்பதிவு இருக்கும் நாளில் மொபெட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நிலையத்து வாசலில் வேப்ப மரத்தடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் எஃபெக்ட் என்று சொல்கிற பின்னணிச் சத்தங்களைக் கொடுக்கிற ஆள் வரவில்லை. நாடகம் நடத்துகிறவர் வெளியே வந்து, "டீச்சர் வீட்டுக்காரர்தானே? கை சும்மாத்தானே இருக்கு, உள்ள வாங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் தெரிந்தது, நாடகத்தில் மழை பெய்வதெல்லாம் மழை இல்லை என்று. செலஃபன் காகிதத்தை மைக்குக்குப் பக்கத்தில் மெல்லக் கசக்கினால் அடுப்பு எரியும். ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீரை உயர்த்தி ஊற்றினால் கதாநாயகன் காபி குடிக்கிறான். இரும்புச் சட்டியில் கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், ஒரு குடும்பமே சாப்பிட உட்கார்ந்துவிடும். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு நானே வலியப் போய் உள்ளே நின்றுகொண்டேன்.

அவள் வேலை செய்கிற விதத்தையும் அங்கேதான் பார்த்தேன். நாடகத்தாள்களைப் பின் குத்தி வைக்கமாட்டார்கள். ஒவ்வொரு தாளாகக் கையில் பிடித்துப் படித்து, முடிந்ததும் சரசரப்பு கேட்காமல் பக்கத்தில் நழுவ விடுவாள். தூரத்திலிருந்து வருகிறவளாக இருந்தால் இரண்டு எட்டு பின்னால் போய்ப் பேசிக்கொண்டே முன்னால் வருவாள். அழுகிற இடம் வந்தால் முகத்தை மைக்கிலிருந்து அப்படித் திருப்பிக்கொள்வாள். "நேரா அழுதா இரைச்சலாத்தாங்க கேக்கும். மூஞ்சத் திருப்பிக்கிட்டாத்தான் கேக்கறவங்களுக்கு நெஞ்சு அடைக்கும்" என்பாள். உட்கார்ந்து பேசினால் குரல் மடங்கிவிடும், நின்றுதான் பேச வேண்டும் என்பாள். சிரித்த முகமாகச் சொன்னால் சிரிப்பு குரலில் தெரியும் என்பாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருதரம், ரேடியோவில் அவள் விம்மி விம்மி அழுதாள். அவளோ உன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ரேடியோவைப் பார்த்து ஓவென்று கத்தினாய். "அடேய், அது நான் இல்லடா, நான் இங்க இருக்கேன்" என்று உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கண்ணெதிரே ஆள் இருக்கும்போதே குரலை நம்பியவன் நீ. இத்தனை கடல் தாண்டி இருக்கும்போது வேறு எதை நம்பியிருப்பாய்? உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

புதுச்சேரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு வயிற்றில் புற்று, பரவிவிட்டது, இனி கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார். தரங்கம்பாடி வந்ததும் ஜன்னலிலிருந்து திரும்பி, "அருளுகிட்ட சொல்லக்கூடாதுங்க" என்றாள். நான் கோபப்பட்டேன். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். "மருமவ படுத்த படுக்கையா இருக்கு. ரெண்டு தடவ கலைஞ்சுபோனது ஒங்களுக்குத் தெரியாதா? இவன் கெளம்பி இங்க வந்துட்டா அங்க அதுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்க யாரு இருக்கா? புள்ள பொறக்கட்டும். நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். சரி என்றேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. வாரம் முழுக்கப் படுத்தே கிடப்பாள். உன் போன் வருகிற நேரத்துக்கு முன்னால் வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பீரோவில் சாய்ந்து நின்றுகொள்வாள். நின்றால்தான் குரல் மடங்காதே. முகத்தைக் காட்டச் சொல்லி நீ ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. "வீடியோவெல்லாம் எனக்கு எதுக்குடா, நான் ரேடியோக்காரி" என்று எப்போதுமே அவள் சொல்கிறதுதானே. பேசும்போது சிரித்த முகமாக இருப்பாள். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் அவள் எனக்கு வேறு வேலை கொடுத்தாள்.

இதைத்தான் நான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. அவள் "இரு தம்பி, கிழங்கா மீன் கொழம்பு கொதிக்குது, அடுப்பக் கொறைச்சிட்டு வர்றேன்" என்று சொல்லும்போது உனக்குச் சட்டியில் கரண்டி படுகிற சத்தம் கேட்டிருக்கும். அது நான். சட்டியில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் இறங்காது. "வாசம் இங்க வரைக்கும் வருதும்மா" என்று நீ ஒருதரம் சொன்னாய். ஸ்பீக்கரில் கேட்டது. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். நீ வைத்த பிறகு அவளைப் படுக்கையில் சாய்த்தேன். மூச்சு வாங்கியது. "எஃபெக்ட் பரவால்லங்க. கரண்டிய மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா போடுங்க, ஓட்டல்ல புரோட்டா கொத்தற மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "இது எனக்குத் தெரிஞ்ச நாடகம்ங்க" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்த நாடகம் என்று கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். களைப்பில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

லியா பிறந்த அன்று நீ போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாய். அந்த அழுகையைக் கேட்கும்போது உன் அம்மா எழுந்து நிற்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. படுத்தபடியே, போனைப் பார்த்தபடியே அழுதாள். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று நீ கேட்டாய். "சந்தோஷண்டா" என்றாள். அது பொய்யில்லை. பேசி முடித்ததும் என்னிடம், "நாளைக்கு மருமவ வீட்டுக்கு வந்துரும். அடுத்த நாள் அவங்கிட்ட சொல்லிடறேன். இப்ப சொன்னா அவனுக்கு இந்தச் சந்தோஷம் கெட்டுரும்" என்றாள். மறுநாள் விடியும்போதே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. உனக்கு நான்தான் போன் செய்தேன். நீ வந்து இறங்கியபோது அவளைப் பெட்டியில் வைத்திருந்தோம்.

வானொலியில் பாட்டில்லாத அந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை நற்சிந்தனையிலிருந்தே ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நிகழ்ச்சியை முன்னே பின்னே மாற்றிப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். குறுவைக்கு எந்த விதை என்று ஒருவர் பேசினார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைத் திட்டலாமா கூடாதா என்று மூன்று பேர் விவாதம் செய்து, மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஒரு பெண் கதை ஒன்று வாசித்தாள், நல்ல கதை. மத்தியானம் ஒரு டாக்டர் வந்து, சர்க்கரை நோய்க்காரர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சின்னப் புண்தானே என்று இருக்கக்கூடாது என்றார். நான் என் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஆட்டோ காதர் பாய் சாப்பிட வந்தவர், வண்டியில் ரேடியோவைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு என் வாசலில் வந்து நின்றார். "என்ன சார் இது, காலையிலேருந்து பேசிக்கிட்டே இருக்காங்க, ஒரு பாட்டு போடமாட்டேங்கறாங்க. சவாரி ஏறுனவங்கல்லாம் தூங்கிட்டாங்க" என்றார். சாயங்காலம் டீச்சர் பேசப்போகிறாள் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சாயங்காலம் சரியாக வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். என் செல்போனில் ஒலிப்பதிவு செய்வது எப்படி என்று அவர்தான் காட்டி, ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நடித்தவர்கள் பெயரைச் சொன்னார்கள். லூர்து மேரி என்ற பெயரைக் கேட்டதும் நாற்காலியை ரேடியோவுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். முப்பது சொச்சம் வயசுக் குரல். எனக்கே மறந்துபோன குரல். கதை இதுதான்: திருமணமாகித் தூர தேசத்தில் இருக்கிறாள் ஒரு தங்கை, ஊரில் அவள் அண்ணன் சாகக் கிடக்கிறான். அவள் பிள்ளைத்தாச்சி, அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. நல்லபடியாக இருக்கிறான் என்றே சொல்லி வருகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவள் கைக்குழந்தையோடு வந்து வாசலில் நிற்கிறாள். அந்தத் தங்கை உன் அம்மா. பரமேஸ்வரி அண்ணி. "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்லல" என்கிறாள் பரமேஸ்வரி. உன் அம்மா பேசுகிறாள்: "என் நல்லது எதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு? அண்ணனைக் காப்பாத்த என்னால முடியாது, அது எனக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்து அழறதுக்கு எனக்குன்னு கொஞ்ச நாள் இருந்துச்சே, அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களே!" அதற்குப் பிறகு குரல் விலகிப் போகிறது. முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொண்டுவிட்டாள். எனக்கு அது கண்ணில் தெரிந்தது.

அருள், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரிந்த நாடகம் என்று அவள் சொன்னது இதைத்தான். நீ ஒருநாள் வாசலில் நின்று என்ன கேட்கப்போகிறாய் என்று அவளுக்கு முன்பே தெரியும். அவளே அதைக் கேட்டவள்தானே. தெரிந்துகொண்டே மருமகளையும் பேத்தியையும் நினைத்து அதைச் செய்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முகத்தை நான் என் பக்கம் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. எஃபெக்ட் நன்றாக இருந்தது என்று அவள் சொன்னதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று பல நாளாகவே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா கேட்டுக்கொண்டாள், நான் அவள் பேச்சைத் தட்டவில்லை, அவ்வளவுதான் என்று எழுதுவதாக இருந்தேன். நாடகத்தைக் கேட்ட அன்று சாயங்காலத்தோடு அந்தக் கடிதம் மனதை விட்டுப் போய்விட்டது. நீ கிளம்பி வந்திருந்தால் மருமகளுக்கு என்ன ஆகியிருக்குமோ, எனக்குத் தெரியாது. வராமல் அங்கேயே இருந்து, தினமும் அம்மாவோடு அழுதுகொண்டே பேசியிருப்பாயோ, அதுவும் தெரியாது. எதுவாக இருந்தாலும் அதை முடிவு செய்ய வேண்டியவன் நீ. இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். அவள் நடிக்கட்டும், அவளுக்கு நியாயம் இருந்தது. நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போனை வாங்கி, "வாடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். உன் அம்மாவை மன்னிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அவளுக்கு அது தேவையில்லை. அவளை நினைத்து நன்றாக அழு. அதற்கு உனக்கு இருந்த நாட்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம், திருப்பித் தர என்னிடம் இந்த ஒலிப்பதிவுதான் இருக்கிறது.

அதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும், படித்துவிட்டு என்னிடம் கேள். அனுப்பு என்று சொன்னதும் காதர் பாய் அனுப்பிவிடுவார். அவள் அழுகிற இடத்தில் குறுக்கே ஒரு குக்கர் விசில் கேட்கும். நாடகத்தில் உள்ளது இல்லை, நான் ராத்திரிக்கு வைத்திருந்த சோறு. "சார், குக்கரு, குக்கரு" என்று காதர் பாய் சொல்வதும் கேட்கும். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சோறு அடிபிடித்துவிட்டது. லியா பெரியவளானதும் அவளுக்கும் போட்டுக் காட்டு. தமிழ் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டியின் குரல் இது என்று சொல். இன்னொன்றும் சொல்கிறேன். உனக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் குழந்தையிடம் காய்ச்சல் என்றே சொல்லிப் பழகு. பயந்துபோகும்தான். பயந்துபோய் உன் பக்கத்தில் வந்து உட்காரும்.

இப்போது, நான் எப்படி இருக்கிறேன் என்று. இடது காலில் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலில் புண். ஆறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோதும் இருந்தது, அதற்கு முந்தின ஞாயிறும் இருந்தது. ரேடியோ டாக்டர் பேசிய மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள், ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுக் காலைப் பற்றிச் சொல்வார்களாம். பயமாக இருக்கிறது. 'கவலைப்படாதே' என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன், அந்த அடித்தல் மேலே தெரியும். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நிலைமை இது, முடிவு உன்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். இனி நான் படுத்திருந்தால் படுத்தபடியேதான் பேசுவேன். பின்னால் சட்டிச் சத்தம் கேட்டால், சட்டியில் குழம்பு இருக்கிறது என்று நீ நம்பலாம்.

அப்பா